உடையப்பனின் வெள்ளிக்கிழமைகள்

உடையப்பன் குவைத்துக்கு வந்து பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. முதல் மூன்று வருடம் ஓர் ஆஸ்பத்திரியில் தரை துடைத்தார். அந்த கான்ட்ராக்ட் முடிந்ததும், அதே முதலாளி நடத்திய பூச்சி மருந்துக் கம்பெனியில் ஆள் பற்றவில்லை என்று இவரையும் இன்னும் நாலு பேரையும் வேனில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கினார்கள். விருப்பமா என்று யாரும் கேட்கவில்லை. மானாமதுரைக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில் செங்கல் சுமந்துகொண்டிருந்த மனிதருக்கு, முதுகில் பம்ப்பைச் சுமப்பது பெரிய மாற்றமாகவும் தெரியவில்லை.

ஆனால் வேலை பிடித்துப் போயிற்று. இதை அவர் வெளியே சொல்லிக்கொள்வதில்லை. கரப்பான் பூச்சியைத் தேடுவது பிடித்திருக்கிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது? டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு சிங்க்குக்கு அடியில் மல்லாந்து படுத்தால், அந்த வீட்டில் பூச்சி எந்த வழியாக வருகிறது, எங்கே குடியிருக்கிறது, எதைத் தின்கிறது என்பதெல்லாம் பத்து நிமிடத்தில் அவருக்குப் பிடிபட்டுவிடும். ஃபிரிட்ஜ் மோட்டாரின் வெதுவெதுப்பில் இருக்கும். அலமாரிக் கதவின் கீலுக்குள் இருக்கும். ஒரு வீட்டில் சமையலறைச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றியபோது அதற்குள் ஒரு குடும்பமே இருந்தது.

டூட்டியில் இதற்கெல்லாம் நேரம் கிடையாது. ஒரு நாளைக்குப் பதினெட்டு ஃபிளாட் முடிக்க வேண்டும். ஒரு டேங்குக்கு ஊற்ற வேண்டிய மருந்தை மூன்று டேங்குக்குக் கலக்கச் சொல்லி உத்தரவு. கதவைத் தட்டு, மூலைக்கு மூலை அடி, பேப்பரில் கையெழுத்து வாங்கு, அடுத்த கதவுக்குப் போ என்பதுதான் சூப்பர்வைசர் உமாபதி சொல்லிக்கொடுத்த முறை. மருந்தைக் குறைத்தாலும் நாற்றத்தை மட்டும் குறைக்கவில்லை. நாற்றம் இருந்தால்தான் மருந்தடித்ததாக ஜனங்கள் நம்புவார்கள் என்று உமாபதி சொல்வார். மூன்றாவது வாரம் பூச்சிகள் திரும்பி வரும். உடையப்பனும் திரும்பிப் போவார். அவர் முகத்தைப் பார்த்ததும் வீட்டுக்காரர்களுக்கு வருகிற சலிப்பு அவருக்குப் பழகிவிட்டது.

அப்படி ஒரு நாள் ஃபஹாஹீலில் ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில் நாலாவது மாடியில் கதவைத் தட்டினார். திறந்த பெண், முகமூடியையும் பம்ப்பையும் பார்த்ததுமே கதவைப் பாதி சாத்திக்கொண்டாள். வேண்டாம், போன தடவை மருந்தடித்த பிறகு மகளுக்கு இரண்டு நாள் மூச்சிரைப்பு என்று இங்கிலீஷில் சொன்னாள். கம்பெனி உத்தரவு, பில்டிங் முழுக்க அடித்தாக வேண்டும் என்று இவர் தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னார். அந்த இந்தியைக் கேட்டே அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

"நீங்க தமிழா?"

அவள் பெயர் சந்திரகலா. கோயம்புத்தூர்க்காரி. கணவர் ஸ்ரீகாந்துக்கு எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் எஞ்சினியர் வேலை. மகள் ஹர்ஷினிக்கு ஏழு வயது. அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து அந்தக் குழந்தை இருமியது. அடிவயிற்றிலிருந்து வருகிற வறண்ட இருமல்.

உடையப்பன் பம்ப்பைக் கீழே இறக்கி வைத்தார். "இதுக்கு ஸ்ப்ரேயே வேணாம் மேடம். ஜெல்லுன்னு ஒண்ணு இருக்கு. பொட்டுப் பொட்டா வைக்கணும், வாசனை கெடையாது. ஆனா வீடு முழுக்க உக்காந்து தேடணும். கம்பெனியில அதுக்கெல்லாம் டைம் குடுக்க மாட்டாங்க."

"நீங்க தனியா வந்து செஞ்சு குடுங்களேண்ணா."

முடியாது என்றார். விசா கொடுத்த முதலாளியான கபீலைத் தவிர வேறு யாரிடமும் வேலை பார்க்கக் கூடாது. பிடிபட்டால் கைரேகையை எடுத்துக்கொண்டு விமானம் ஏற்றிவிடுவார்கள், பிறகு இந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்க முடியாது. அவளுக்கும் அது தெரிந்துதான் இருந்தது. மருந்து அடித்தாயிற்று என்று எழுதிய தாளில் அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அடிக்காமலே அடுத்த கதவுக்குப் போனார்.

அந்த வாரம் முழுக்க வேலையில் மனம் ஒட்டவில்லை. வியாழக்கிழமை டூட்டி முடிந்ததும் ஃபர்வானியாவில் மருந்துக்கடைத் தெருவில் இறங்கி, சொந்தக் காசில் இரண்டு ஜெல் ட்யூப் வாங்கினார். வாங்கிய பிறகுதான் போகலாமா வேண்டாமா என்று யோசித்தார். வெள்ளிக்கிழமை காலை ஃபஹாஹீல் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

மூன்று மணி நேரம் ஆயிற்று. அடுப்பை நகர்த்தினார், அலமாரிகளைக் காலி செய்யச் சொன்னார், குழாய் சுவருக்குள் போகிற ஓட்டைகளை அடைத்தார். நாற்பது இடத்தில் கடுகளவு ஜெல் வைத்தார். முடிந்ததும் சந்திரகலா டீ போட்டுக் கொண்டுவந்து சோபாவைக் காட்டி உட்காரச் சொன்னாள். எத்தனையோ ஆயிரம் சமையலறைக்குள் போய் வந்தவர். ஒரு வீட்டின் கூடத்தில் உட்காரச் சொல்லிக் கேட்டது அன்றுதான். சட்டை அழுக்காக இருக்கிறது என்று சோபாவின் விளிம்பில் உட்கார்ந்து, டீயை மடக் மடக்கென்று குடித்துவிட்டு எழுந்தார். அவள் கொடுத்ததை எண்ணிப் பார்க்காமல் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

பத்து நாள் கழித்து வாட்ஸப்பில் குரல் செய்தி வந்தது. "ஒண்ணுகூட இல்லைங்கண்ணா. நானும் தினம் எந்திரிச்சதும் லைட்டைப் போட்டுப் பாக்கறேன், ஒண்ணுகூட இல்லை." அதை அவர் மூன்று தடவை போட்டுக் கேட்டார்.

அப்படித்தான் தொடங்கியது. சந்திரகலாவின் சிநேகிதி ஒருத்தி, அவளுடைய பக்கத்து வீட்டு மலையாளிக் குடும்பம், அப்புறம் மங்காஃபில் ஓர் ஆசிரியை. யாரும் விளம்பரம் செய்யவில்லை. ஒரு வெள்ளிக்கிழமைக்கு ஒரு வீடு, மிஞ்சினால் இரண்டு. அதற்கு மேல் ஒத்துக்கொள்ள மாட்டார். அவரோடு ஒரே ரூமில் இருந்த வேன் டிரைவர் வீரபாண்டி, கம்பெனி ஸ்டோரில் டின் டின்னாக மருந்து கிடக்கும்போது எதற்குக் கைக்காசைப் போட்டு வாங்குகிறீர்கள், யார் எண்ணப் போகிறார்கள் என்று கேட்டார். உடையப்பன் தலையை ஆட்டிவிட்டார். சட்டத்தை மீறுகிறோம் என்று தெரிந்தேதான் போகிறார். அதனாலேயே, திருடவில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்ள ஒன்றாவது இருக்க வேண்டும் என்று நினைத்தார்.

உடம்புதான் கேட்கவில்லை. முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை என்றால் பத்து மணி வரை படுக்கை, பிறகு துணி துவைத்து, சமைத்து, ஊருக்குப் பேசி, மறுபடி படுக்கை. இப்போது ஆறு மணிக்கே எழுந்து பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். ஜூலை வெயிலில் அந்த நிறுத்தத்தில் நிற்பது அடுப்பு வாயில் நிற்பது மாதிரி. சாயந்தரம் திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் அப்படியே தூங்கிப்போய் இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்குவார். சனிக்கிழமை காலை எழுந்தால் முந்தின நாளின் களைப்பு அப்படியே இருக்கும், அதன்மேல் புது வாரம் ஏறி உட்காரும். கணுக்கால் வீங்க ஆரம்பித்தது. சில நாள் எந்தக் கட்டடத்தில் இருக்கிறோம் என்பதே மறந்து, லிஃப்ட்டில் தப்பான மாடிப் பொத்தானை அழுத்திவிட்டு நிற்பார்.

மனைவி சீதாலட்சுமிக்கு இதெல்லாம் போனிலேயே தெரிந்துவிட்டது. வீடியோ காலில் பேசிக்கொண்டே இருக்கும்போது இவர் கண்ணை மூடிவிட, போன் நெஞ்சில் சரிந்து ரூமின் கூரை மட்டும் தெரியும். ஒருநாள் அவள் பொறுக்க முடியாமல் கேட்டாள்.

"ஒடம்பக் கெடத்தத்தான் ஒரு நாளு லீவு குடுக்கிறாங்க. அதையும் வித்துப்புட்டீகளா?"

மகள் சங்கீதா மதுரையில் நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள், இன்னும் இரண்டு வருடம் தள்ள வேண்டும் என்று ஏதோ சொன்னார். அது பொய்யில்லை. ஆனால் சொல்லத் தெரியாத இன்னொன்றும் இருந்தது. வாரத்தில் ஆறு நாள் செய்கிற வேலை வேலைக்கு ஆகாது என்று தெரிந்தே செய்கிறார். ஏழாவது நாள் செய்வது பலிக்கிறது. அந்த ஒரு நாளைக்கு மட்டும் தான் யார் என்று அவருக்குத் தெரிந்தது.

சந்திரகலா கெடுதல் நினைத்துச் செய்யவில்லை. ஃபஹாஹீல் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸப் குழுவில் யாரோ கரப்பான் தொல்லைக்கு வழி கேட்க, இவர் நம்பரைப் போட்டு, வாசனையில்லாத மருந்து, குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு நல்லது, வெள்ளிக்கிழமை மட்டும் வருவார் என்று எழுதி, கூடவே ஒரு போட்டோவையும் போட்டுவிட்டாள். கட்டட வாசலில் கம்பெனிச் சட்டையோடு இவர் நிற்கிற போட்டோ. டூட்டிக்காக அந்தக் கட்டடத்துக்கு வந்த ஒரு நாள் ஹர்ஷினி எடுத்தது. சட்டைப் பையில் கம்பெனி பெயர் எழுத்துக் கூட்டிப் படிக்கிற அளவுக்குத் தெளிவாக இருந்தது. அந்தச் செய்தி குழுவிலிருந்து குழுவுக்குப் போய், பன்னிரண்டாம் நாள் உமாபதியின் போனுக்கு வந்தது.

உமாபதி திருச்சிக்காரர், குவைத்தில் பதினெட்டு வருடம். யாரையும் அதட்டிப் பேச மாட்டார். அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் வேனுக்குப் பின்னால் நிழலில் உட்கார்ந்திருந்த உடையப்பன் பக்கத்தில் வந்து குந்தி, போனை நீட்டினார்.

"போட்டோ நல்லா விழுந்திருக்கு."

உடையப்பன் சோற்றுப் பாத்திரத்தை மூடிக் கீழே வைத்தார். இது முதீருக்கு, கம்பெனி மேனேஜருக்கு, போனால் என்ன ஆகும் என்று தெரியுமல்லவா என்று உமாபதி கேட்டார். தெரியும் என்று தலையாட்டினார். எத்தனை வீடு, எத்தனை மாதமாக, என்ன மருந்து என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இவர் எதையும் மறைக்கவில்லை. மறைக்கத் தெம்பும் இல்லை. கடைசியில் உமாபதி போனைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, வேறெங்கோ பார்த்தபடி சொன்னார்.

"நாளைக்கு என் வீட்டுக்கு வா. மூட்டைப்பூச்சி."

சால்மியாவில் இரண்டு அறை கொண்ட அந்த வீட்டில், உமாபதியும் மனைவியும் மூன்று மாதமாகக் கூடத்தில் தரையில் துணி விரித்துத்தான் படுத்திருந்தார்கள். கம்பெனி மருந்தை அவரே மூன்று தடவை அடித்துப் பார்த்துவிட்டார். பூச்சி மருந்துக் கம்பெனி சூப்பர்வைசர் வீட்டில் மூட்டைப்பூச்சி என்று வெளியே சொல்ல வெட்கம். உடையப்பன் கட்டிலை மரை மரையாகக் கழற்றினார். நீராவி மெஷினால் மெத்தையின் தையல் முழுக்க ஓட்டினார். உமாபதி பக்கத்தில் மண்டியிட்டு டார்ச் பிடித்தார். கட்டில் சட்டத்தின் ஓர் இடுக்கில் கூட்டம் தென்பட்டதும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "இங்க இருக்கு" என்றார்கள். தானும் வந்த புதிதில் இப்படித்தான் உட்கார்ந்து தேடுவேன் என்று உமாபதி சொன்னார். உடையப்பன் அடுத்த வெள்ளிக்கிழமையும் போய் வேலையை முடித்தார். அந்த வீட்டு அம்மாள் கண் கலங்க இரண்டு கையையும் கூப்பினாள்.

இதோடு விட்டது என்றுதான் உடையப்பன் நினைத்தார். புதன்கிழமை வாட்ஸப்பில் ஒரு லிஸ்ட் வந்தது. நாலு முகவரி. "தெரிஞ்ச ஆளுங்க. பார்த்துச் செய்" என்று கீழே எழுதியிருந்தது.

அதன் பிறகு வாரா வாரம் லிஸ்ட் வந்தது. நாலு வீடு ஐந்தாகி ஆறாயிற்று. வருகிற காசில் பாதி உமாபதிக்கு என்று ஏற்பாடு. அதைப் பற்றி உடையப்பன் வாயைத் திறக்கவில்லை. அவரை வாட்டியது வேறு. ஆறு வீட்டில் தவழ்ந்து தேட முடியாது. ஜெல்லுக்கு நேரம் பிடிக்கிறது, ஸ்ப்ரே அடித்துவிட்டு வா என்று உமாபதி சொன்னார். மருந்து உமாபதியின் கார் டிக்கியிலேயே வந்தது. கம்பெனி ஸ்டோர் டின், அதே முத்திரை, அதே நாற்றம். முதல் நாள் அதைத் தொடும்போது கை கூசியது. மூன்றாம் வாரம் கூசவில்லை. கதவைத் தட்டு, மூலைக்கு மூலை அடி, அடுத்த வீடு. வெள்ளிக்கிழமையும் டூட்டி ஆகிவிட்டது. யூனிஃபார்ம் மட்டும் இல்லை.

மங்காஃப் ஆசிரியை ஒருநாள் போன் செய்தாள். அவள் அக்கா வீட்டுக்கு இவர்தான் வந்தாராம். இரண்டு வாரத்தில் பூச்சி பழையபடி வந்துவிட்டதாம். "எங்க வீட்டுக்குப் பண்ணின மாதிரி அங்க ஏங்க பண்ணலை?" என்று தன்மையாகத்தான் கேட்டாள். இன்னொரு நாள் வந்து பார்க்கிறேன் என்று சொல்லி வைத்தார். போகவில்லை, போக நாளும் இல்லை.

சந்திரகலாவின் போனை இரண்டு மூன்று தடவை தட்டிக் கழித்தார். ஏதோ சரியில்லை என்று அவள் விடாமல் கேட்டபோது, போட்டோ போன கதையைச் சொன்னார். அந்தச் செய்தியை அன்றே அழித்துவிட்டாள். ஆனால் அது அதற்குள் எங்கெங்கோ போயிருந்தது.

நவம்பர் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, மூன்று மணி வாக்கில் கடைசி வீடாக ஃபர்வானியாவில் ஒரு பழைய கட்டடத்துக்குப் போனார். மூன்றாம் மாடியில் ஒரு பெரிய அறை. எட்டு பேச்சிலர்கள் அடுக்குக் கட்டிலில் தங்கியிருந்த இடம். மூட்டைப்பூச்சி சுவர் முழுக்க மையிட்ட மாதிரி கறை போட்டிருந்தது. அறைக்காரர்கள் இரண்டு நாளைக்குச் சிநேகிதர்கள் ரூமில் தங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, மூட்டை முடிச்சோடு கிளம்பிப் போயிருந்தார்கள். சாவியும் ஒரு பொட்டலமும் உமாபதி முந்தின நாளே கொடுத்திருந்தார். அங்கே போய்ப் பிரி என்று சொல்லியிருந்தார். பிரித்தார். உள்ளே இருந்தது தானியக் கிடங்குக்குப் போடுகிற மாத்திரை டப்பா.

உடையப்பன் டப்பாவைத் திறக்காமல் பொட்டலத்தோடு ஜன்னல் திண்டில் வைத்தார். அந்த மாத்திரை புகையும். அந்தப் புகை பூச்சியை மட்டும் பார்த்துக் கொல்லாது, சுவர் தாண்டிப் போகும். குடியிருக்கும் கட்டடத்தில் வைக்கவே கூடாது என்று சட்டம். ஆறு வருடத்துக்கு முன்னால் வேறொரு ஏரியாவில், யாரோ திருட்டுத்தனமாக இதை வைத்த கட்டடத்துக்கு மறுநாள் காலையில் ஜன்னல்களைத் திறந்துவிட கம்பெனி இவரை அனுப்பியிருந்தது. பக்கத்து ஃபிளாட்டில் தூங்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் எழுந்திருக்கவே இல்லை. வாசலில் அவர்களுடைய செருப்பு ஜோடியாகக் கிடந்தது. அதைத் தாண்டித்தான் உள்ளே போனார். சீதாலட்சுமியிடம்கூட இதை அவர் சொன்னதில்லை.

அறையைச் சுற்றிப் பார்த்தார். ஏசி குழாய் பக்கத்து வீட்டுச் சுவருக்குள் போகிற ஓட்டையில் செய்தித்தாளைச் சுருட்டி அடைத்திருந்தார்கள். அந்தப் பக்கம் ஒரு குழந்தை அழுகிற சத்தம் தாளின் வழியாகவே கேட்டது. வெளியே வந்து பார்த்தார். நடையில் கட்டிய கயிற்றில் உள்ளங்கை அகலத்துக்குச் சின்னச் சின்னச் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன.

உமாபதிக்குப் போன் செய்து, முடியாது என்று சொன்னார். இருபது நிமிடத்தில் உமாபதியே காரில் வந்துவிட்டார். படிக்கட்டில் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்று பேசிக்கொண்டார்கள்.

"வச்சிட்டுக் கதவைச் சாத்திட்டு வரப்போற. இதுல என்னய்யா இருக்கு?"

"பக்கத்துல பச்சப் பிள்ளை இருக்கு சார்."

"அவங்களை ரெண்டு நாள் எங்கயாவது போகச் சொல்லுவோம்."

"மேல ஒரு வீடு இருக்கு, கீழ ஒரு வீடு இருக்கு. எல்லாரும் எங்க சார் போவாங்க?"

உமாபதி கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டார். அவரும் அன்று காலையிலிருந்து அலைந்தவர் மாதிரிதான் இருந்தார். அறைக்காரர்களிடம் வாக்குக் கொடுத்தாயிற்று, ஒரே தடவையில் முடித்துத் தருவதாகப் பேசியாயிற்று என்றார். நீ வைக்காவிட்டால் வேறு ஒருத்தன் வைப்பான் என்றார். உடையப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கால் வலித்தது. உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் பத்து நிமிடத்தில் ரூமுக்குக் கிளம்பலாம் என்ற நினைப்பும் வந்து போனது.

"நான் வைக்க மாட்டேன் சார்."

"ஒன் போட்டோ இன்னும் என் போன்லதான் இருக்கு உடையப்பா."

"இருக்கட்டும் சார். நீங்க அனுப்பின லிஸ்ட்டெல்லாம் என் போன்ல இருக்கு."

மிரட்ட வேண்டும் என்று நினைத்து அவர் அதைச் சொல்லவில்லை. இருக்கிறதைச் சொன்னார், அவ்வளவுதான். உமாபதி கைப்பிடிச் சுவரை விட்டு நிமிர்ந்தார். பிறகு மேலே ஏறிப் போய், ஜன்னல் திண்டிலிருந்து பொட்டலத்தை எடுத்துக்கொண்டு அவரைத் தாண்டி இறங்கிப் போனார்.

உடையப்பன் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். தோளில் துப்பட்டாவும் இடுப்பில் குழந்தையுமாக ஒரு பெண் கதவைத் திறந்தாள். ராமநாதபுரம் பக்கம் என்று பேச்சிலேயே தெரிந்தது. ரஹீமா பீவி என்று பெயர். கணவர் மளிகைக் கடையில் வேலைக்குப் போயிருந்தார்.

"தாயி, பக்கத்து ரூம்ல யாராச்சும் மருந்து மாத்திரை வைக்க வந்தா, நீ பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஒடனே கீழ எறங்கிடணும். ஒரு நிமிசம்கூட உள்ள இருக்கக் கூடாது."

அவள் பயந்துபோய், நீங்கள் யார் என்று கேட்டாள். மருந்தடிக்கிறவன் என்றார். கீழே இறங்கி, வாட்ச்மேன் அம்மார் என்ற எகிப்துக்காரரிடம், தனக்குத் தெரிந்த பத்து அரபி வார்த்தையையும் கையையும் வைத்துக்கொண்டு விஷயத்தைப் புரியவைத்தார். அம்மாருக்குப் புரிந்த பிறகு முகம் மாறியது. அந்த அறைக்குத் தன் பூட்டு ஒன்றைப் போட்டுப் பூட்டினார். அறைக்காரர்கள் வந்தால் கட்டட முதலாளியிடம் பேசிவிட்டுத்தான் உள்ளே விடுவேன் என்று சைகையில் சொன்னார். உமாபதி எடுத்துப்போன பொட்டலம் என்ன ஆயிற்று என்று உடையப்பனுக்கு இன்றுவரை தெரியாது. பல நாள் செய்தியில் ஏதாவது வருகிறதா என்று பயந்து பயந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் வரவில்லை.

அடுத்த வாரம் டூட்டி லிஸ்ட்டில் அவர் பெயர் வஃப்ராவுக்குப் போட்டிருந்தது. தெற்கே, சவூதி எல்லையை ஒட்டிய பண்ணைப் பகுதி. தீவனக் கிடங்குகளில் எலி பிடிக்கும் வேலை. தங்குவதற்குப் பொட்டலில் நிறுத்திய தகரக் கேபின். ஊருக்குள் வரப் பஸ் கிடையாது, வாரம் ஒருமுறை கம்பெனி வண்டி தண்ணீரும் சாமானும் கொண்டு வரும். உமாபதி முதீரிடம் போட்டோவைக் காட்டவில்லை. உடையப்பனும் யாரிடமும் லிஸ்ட்டைக் காட்டவில்லை. வீரபாண்டிதான் வேனில் கொண்டுபோய் விட்டார். வழியெல்லாம் உமாபதியைத் திட்டிக்கொண்டே வந்தார். உடையப்பன் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனார்.

சந்திரகலா மனம் கேட்காமல், ஸ்ரீகாந்திடம் சொல்லி எங்காவது முறையாக வேலை மாற்றிக்கொள்ள வழி பார்த்தாள். ஸ்ரீகாந்த் இரண்டு இடத்தில் பேசினார். ஒரு கம்பெனி பயோடேட்டா கேட்டது. சங்கீதா மதுரையில் உட்கார்ந்து டைப் செய்து அனுப்பினாள். வயது நாற்பத்தேழு என்று பார்த்ததும் அவர்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். இன்னொரு கம்பெனி, ஆள் எடுக்கும்போது கூப்பிடுகிறோம் என்றது. இன்னும் கூப்பிடவில்லை. சந்திரகலா ஒவ்வொரு தடவையும் வருத்தத்தோடு சொன்னாள். பரவாயில்லைம்மா, பிள்ளைக்கு இருமல் எப்படி இருக்கிறது என்று இவர் கேட்பார். குளிர் வந்தால் கொஞ்சம் இருக்கிறது என்பாள்.

வஃப்ராவில் வேலை அப்படியொன்றும் கடினமில்லை. காலையில் பொறிகளைப் பார்ப்பார், மாலையில் ஒருமுறை பார்ப்பார். வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். அவசரப்படுத்த ஆளில்லாததால் எலி எந்த வழியாக வருகிறது என்று நின்று பார்க்க நேரம் கிடைத்தது. கிடங்குச் சுவரின் அடியில் ஓட்டைகளைத் தேடி அடைத்தார். இரண்டு மாதத்தில் தீவன மூட்டைகள் கிழிபடுவது பாதியாகக் குறைந்தது. பண்ணையைப் பார்த்துக்கொள்கிற பாகிஸ்தான்காரர் ஒருநாள் வந்து "அச்சா காம், பாய்" என்று வேலையைப் பாராட்டி ஒரு கூடை தக்காளியைக் கொடுத்துவிட்டுப் போனார். அதை உடையப்பன் இரண்டு நாள் வைத்துச் சமைத்தார். ஆனாலும் அந்தப் பழைய களைப்பு விடவில்லை. எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொண்ட மாதிரி இருந்தது.

மார்ச்சில் கான்ட்ராக்ட் புதுப்பிக்கும் தாள் வந்தது. போதும், ஊருக்கு வந்துவிடுங்கள், இருக்கிறதை வைத்துப் பார்த்துக்கொள்வோம் என்று சீதாலட்சுமி சொல்வாள் என்று எதிர்பார்த்தார். அவள் சொல்லவில்லை. சங்கீதாவுக்கு இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது என்பது அவளுக்கும் தெரியும். உங்கள் இஷ்டம் என்று மட்டும் சொன்னாள். அவர் கையெழுத்துப் போட்டார். தாளை வாங்க வந்த ஆபீஸ் ஆள், ஏதாவது கேட்க வேண்டுமா என்று இந்தியில் கேட்டான். வெள்ளிக்கிழமை லீவுதானே என்று கேட்டார். அது தாளிலேயே எழுதியிருக்கிறதே என்று அவன் சிரித்தான். எழுதியிருக்கிற இடத்தை விரல் வைத்துக் காட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு சீதாலட்சுமி போன் செய்தாள். அடித்து ஓயும் தறுவாயில் எடுத்தார். குரல் கட்டியிருந்தது. உடம்புக்கு என்ன என்று பதறிக் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. தூங்குனேன்."

"வேலைக்குப் போகலையா?"

"இன்னிக்கு வேலை இல்ல."

அவளிடம் சொல்வதற்கு நிறைய இருந்தது. சங்கீதாவுக்குப் பரீட்சை முடிந்திருந்தது, தெருக்குழாயில் நாலு நாளாகத் தண்ணீர் வரவில்லை. எதையும் சொல்லவில்லை.

"அப்ப தூங்குங்க, சாயந்தரம் பேசுறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.